குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தண்ணீர், காற்று, எண்ணெய் என ஓடுகிற எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிலையான ஓட்டம், நிலையற்ற ஓட்டம், சீரானது, சீரற்றது, வரிச்சீர், சுழற்சி, அமுங்கும், அமுங்காத என்று பத்துப் பன்னிரண்டு வகைகளை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிட்டேன். "நம்ம வீட்டுக் குழாயில் வருவது இதில் எது?" என்று தங்கை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. (மாணவர், திண்டுக்கல்)

தம்பி, உங்கள் தங்கை கேட்டதுதான் பாடத்தின் உயிரான கேள்வி. பாடப்புத்தகத்தில் இந்தப் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வருவதால், மாம்பழத்தில் பங்கனப்பள்ளி, ருமானி, மல்கோவா என்று இருப்பதுபோல ஓட்டத்திலும் பன்னிரண்டு ரகம் இருக்கிறது, குழாயில் வருவது அதில் ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. ஒரு மனிதரைப் பற்றி எந்த ஊர், என்ன வயது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று தனித்தனியாகக் கேட்கிறோமே, அதுபோல ஒரே ஓட்டத்தைப் பார்த்துக் கேட்கிற ஐந்து தனித்தனிக் கேள்விகள் இவை. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில், அதனால்தான் பெயர்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன.

முதல் கேள்வி நேரம் பற்றியது. ஒரே இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுகிறதா? மாடித் தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயைத் திறந்து அப்படியே விட்டால் மாறாது, அது நிலையான ஓட்டம். மோட்டார் போட்ட முதல் சில நொடிகள் நிலையற்றது. இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. ஏரியில் ஒரு படகு ஒரே வேகத்தில் போகிறது என்று வையுங்கள். கரையில் நிற்பவருக்குத் தண்ணீர் சும்மா இருந்து, கலங்கி, மறுபடி அடங்குகிறது, அதாவது நிலையற்ற ஓட்டம். படகில் உட்கார்ந்திருப்பவருக்கோ முன்னால் எழும் அலை எப்போதும் அதே இடத்தில் அதே வடிவத்தில் இருக்கிறது, அது நிலையான ஓட்டம். தண்ணீர் ஒன்றுதான். ஆகவே இந்தப் பெயர் நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

இரண்டாவது கேள்வி இடம் பற்றியது. ஒரே நொடியில், போகிற வழி நெடுக வேகம் ஒன்றாக இருக்கிறதா? நேரான, ஒரே அகலமுள்ள குழாய்க்குள் ஒன்றாக இருக்கும், அது சீரான ஓட்டம். குழாய் வாயிலிருந்து கீழே விழும் தாரையைப் பாருங்கள், போகப் போக மெலிந்துகொண்டே போகும். காரணம் எளிது: விழ விழ வேகம் கூடுகிறது, நொடிக்கு வருகிற தண்ணீரின் அளவோ மாறாது, ஆகவே தாரை குறுகித்தான் ஆக வேண்டும். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வாயை விட்டுக் கிளம்பும் தண்ணீர் 20 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண், விழுவதற்குள் நொடிக்கு 2 மீட்டரைத் தொட்டுவிடும். வேகம் நாலு மடங்கு, குறுக்குப் பரப்பு நாலில் ஒன்று, தாரையின் தடிமன் பாதி. இதைத்தான் தொடர் சமன்பாடு என்று படித்திருப்பீர்கள். ஸ்கேலை வைத்து அளந்தே பார்த்துவிடலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா, கொந்தளித்துப் போகிறதா? முதலாவதுதான் வரிச்சீர் ஓட்டம். புத்தகத்தில் இரண்டாவதைச் சுழற்சி ஓட்டம் என்று போட்டிருக்கிறார்கள், ஐந்தாவது கேள்வியில் வரும் சுழலோடு அது குழம்பிவிடும் என்பதால் நான் கொந்தளிப்பு ஓட்டம் என்றே எழுதுகிறேன். குழாயை மிகக் கொஞ்சமாகத் திறங்கள். கண்ணாடிக் கம்பி மாதிரி, அசையாமல் நிற்பதுபோலத் தண்ணீர் விழும். இன்னும் திறந்தால் ஒரு கட்டத்தில் கண்ணாடி கலங்கி, தாரை சொரசொரப்பாகிச் சத்தமும் போடும். வாயில் வலை வைத்து நுரையாக வரும் புதுவகைக் குழாயில் இது தெரியாது, பழைய குழாயாகப் பாருங்கள்.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் வெளியிட்ட சோதனையும் இதே விஷயம்தான். நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் மெல்லிய கோடாகச் சாயம் விட்டார். மெதுவாக ஓடியவரை சாயம் நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் நூல் திடீரென நடுங்கி, சிதறி, குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. இதைத் தீர்மானிப்பது வேகம் மட்டும் இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் அடர்த்தியையும் பெருக்கிப் பாகுநிலையால், அதாவது திரவம் ஓடத் தயங்கும் குணத்தின் அளவால், வகுத்தால் வருகிற எண்ணைப் பாருங்கள் என்றார். அதுதான் ரெனால்டு எண். ஓடுகிற நீர் தன் போக்கில் பாய்ந்து போகப் பார்க்கிறது, பாகுநிலை பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தப் பார்க்கிறது. இந்த இழுபறியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. குழாய்களில் சுமார் 2000-க்குக் கீழே வரிச்சீர், 4000-க்கு மேலே பெரும்பாலும் கொந்தளிப்பு, நடுவில் இரண்டுக்கும் ஊசலாட்டம்.

உங்கள் வீட்டு அரை இஞ்ச் குழாய்க்குக் கணக்குப் போடுவோம். உள்விட்டம் 15 மி.மீ., வேகம் நொடிக்கு 1 மீட்டர், நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரி. எண் ஏறத்தாழ 19,000 வருகிறது. அதாவது குளிக்கிற நேரத்தில் உங்கள் குழாய்க்குள் எப்போதும் கொந்தளிப்புதான். வரிச்சீராக வைக்க வேண்டுமென்றால் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் வரும், ஒரு வாளி நிறையக் கால் மணி நேரம் ஆகும்! குழாய் இல்லாமலும் பார்க்கலாம்: காற்று அடங்கிய அறையில் ஊதுபத்திப் புகை முதலில் ஒரு முழம் நேர்கோடாக எழும்பி, அப்புறம் சட்டென்று சுருண்டு கலைகிறதே, ஏற ஏற அதன் வேகமும் தடிமனும் கூடி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

நான்காவது கேள்வி, அமுங்குகிறதா? தண்ணீருக்குப் பெரும்பாலும் இல்லை. காற்று அமுங்கும்தான், ஆனால் நொடிக்கு 100 மீட்டருக்குக் கீழே ஓடும் காற்றில் அடர்த்தி மாற்றம் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும், அதனால் மின்விசிறிக்கும் பேருந்துக்கும் அமுங்காத ஓட்டம் என்றே கணக்கிடுகிறோம், ஜெட் விமானத்துக்கு அப்படிச் செய்ய முடியாது.

ஐந்தாவது, ஓடுகிற நீரின் ஒவ்வொரு துகளும் போகும்போது தன்னைத்தானே சுற்றுகிறதா? திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உயரமான ராட்டினத்தில் தொட்டில் வட்டமாகப் போகிறது, ஆனால் உள்ளே இருப்பவரின் தலை எப்போதும் மேலேதான் இருக்கிறது. குடை ராட்டினத்தில் குதிரை வட்டமாகப் போவதோடு முகத்தையும் திருப்பிக்கொண்டே போகிறது. முதலாவது சுழலற்ற ஓட்டம், இரண்டாவது சுழல் ஓட்டம். வட்டப் பாதையில் போனாலே சுழல் என்று எழுதி மதிப்பெண் இழக்கிறவர்கள் அதிகம்.

தங்கைக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: தொட்டி நிறைந்து, குழாயை நன்றாகத் திறந்திருந்தால், குழாய்க்குள்ளே ஓடுவது நிலையான, சீரான, கொந்தளிப்பான, அமுங்காத, சுழல் உள்ள ஓட்டம். கொந்தளிப்புக்குள் நொடிக்கு நொடி சிறு நடுக்கம் இருக்கும், சராசரி வேகம் மாறாததால் நிலையானது என்கிறோம். நிலையானது என்றாலே வரிச்சீர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாகுநிலை என்ற சொல் நாம் காய்ச்சும் பாகிலிருந்து வந்ததா? கெட்டியாக இருப்பதும் அடர்த்தியாக இருப்பதும் ஒன்றுதானே? (வாசகி, கும்பகோணம்)

அந்தப் பாகுதான். அதிரசத்துக்கு வெல்லப்பாகு வைக்கும்போது, தண்ணீர் வற்ற வற்ற அது கரண்டியிலிருந்து விழத் தயங்குகிறதே, ஒரு அடுக்கு பக்கத்து அடுக்கை நகர விடாமல் பிடிக்கிற அந்தக் குணத்தின் பெயர்தான் பாகுநிலை. இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் நமக்குக் கிடைத்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு.

ஆனால் கெட்டி வேறு, அடர்த்தி வேறு. விளக்கெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றுங்கள், மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி குறைவு. பாகுநிலையோ 20 டிகிரியில் தண்ணீரைப்போலச் சுமார் ஆயிரம் மடங்கு. பாதரசம் நேர் எதிர். அடர்த்தி தண்ணீரைவிட 13.6 மடங்கு, பாகுநிலை ஒன்றரை மடங்குதான், அதனால்தான் தரையில் கொட்டினால் அப்படி ஓடுகிறது. விளக்கெண்ணெயை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுநிலை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திரவங்கள் அநேகமாக எல்லாமே சூட்டில் இளகும், காற்று போன்ற வாயுக்களில் மட்டும் சூடு ஏற ஏறப் பாகுநிலை கூடும். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதைச் சூடு தளர்த்துகிறது, வாயுவில் பற்று கிடையாது, வேகமான அடுக்குக்கும் மெதுவான அடுக்குக்கும் இடையே தாவி மோதுவதுதான் உராய்வு, சூட்டில் அந்தத் தாவல் கூடுகிறது.

சமையலறையில் இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீரும் எண்ணெயும் எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் அதே பாகுநிலையில்தான் இருக்கும், இவற்றை நியூட்டன் பாய்மங்கள் என்பார்கள். இட்லி மாவு அப்படி இல்லை. பொங்கி நிற்கும் மாவு கலக்கக் கலக்க இளகும். சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) கெட்டியாகக் கரைத்தால் அதற்கு நேர்மாறு, மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கல்போல இறுகும்.

அப்புறம், பாய்மம் என்றால் என்ன என்பதற்கே ஒரு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தார் மாதிரி கறுப்பாக, சுத்தியலால் அடித்தால் உடைந்து சிதறும் கீலை, 1927-இல் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் ஒரு புனலில் ஊற்றி வைத்தார். 1930-இல் புனலின் அடிவாயை வெட்டிவிட்டார். ஒன்பதாவது சொட்டு 2014-இல்தான் பிரிந்தது. கணக்கிட்டால் அதன் பாகுநிலை தண்ணீரைவிட ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு. பக்கவாட்டு விசை எவ்வளவு சிறியதானாலும் அதற்குக் கட்டுப்பட்டு நகர்ந்துகொண்டே இருப்பது எதுவோ அதுதான் பாய்மம். எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

மாடிக் குளியலறையில் ஷவர் சொட்டுகிறது, கீழே சமையலறையில் பீய்ச்சி அடிக்கிறது. முக்கால் இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு ஒன்றரை இஞ்ச் போட்டால் 16 மடங்கு தண்ணீர் வரும் என்கிறார் பிளம்பர். செலவு செய்யலாமா? (வீட்டுக்காரர், மதுரை)

செலவு செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஷவரை மட்டும் திறங்கள். பிறகு கீழே சமையலறைக் குழாயையும் திறக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தபோது நன்றாக வந்து, கீழே திறந்ததும் படுத்துவிட்டால், பொதுவான பைப்பில் உராய்வு அதிகம் என்று பொருள், பெரிய பைப் நிச்சயம் உதவும். தனியாகத் திறந்தபோதே சொட்டினால் குறை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

அழுத்தம் என்பது தொட்டியின் தண்ணீர் மட்டத்திலிருந்து நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்பதால் வருவது. பத்து மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. மாடிக் குளியலறை ஷவர் தொட்டிக்கு ஒன்றரை மீட்டர் கீழேதான் இருக்கும், ஆக 0.15 கிலோ. கீழ்த்தளச் சமையலறைக்கு அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. பைப் எவ்வளவு தடியானாலும் இந்த ஆரம்ப அழுத்தம் கூடாது, ஓடும்போது உராய்வில் இழப்பதைத்தான் பெரிய பைப் மிச்சப்படுத்தும்.

சரி, அந்த 16 மடங்கு எங்கிருந்து வந்தது? 1840-ஐ ஒட்டி, ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்ட விதி அது: ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. விதி சரிதான், ஆனால் வரிச்சீர் ஓட்டத்துக்கு மட்டும். வீட்டுக் குழாயில் கொந்தளிப்பு ஓட்டம் என்று மேலே பார்த்தோமே, அங்கே ஐந்தாறு மடங்குதான் கூடும், அதுவும் நேரான பைப்பில் மட்டும். எல்போவும் வால்வும் பழையபடியே இருந்தால் அதுவும் வராது.

என் யோசனை: முதலில் ஷவரைக் கழற்றி உப்புப் படிந்த துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், பலருக்கு விஷயம் இதோடு முடிந்துவிடும். அடுத்து, மாடிக் குளியலறைக்குத் தொட்டியிலிருந்தே தனி லைன், முடிந்தவரை எல்போ குறைவாக. தொட்டியை ஒன்றரை மீட்டர் மேடை கட்டி உயர்த்தினால் அழுத்தம் இரட்டிப்பாகும், ஆனால் தண்ணீர் இரட்டிப்பாகாது, சுமார் 40 சதவீதம்தான் கூடும். அவ்வளவும் செய்து போதவில்லை என்றால்தான் சிறிய பிரஷர் பம்ப்.

வாஷ்பேசினில் தண்ணீர் வடியும்போது நம் பக்கம் ஒரு திசையிலும் ஆஸ்திரேலியாவில் எதிர்த் திசையிலும் சுழலுமாமே? (வாசகர், யாழ்ப்பாணம்)

வாஷ்பேசினில் இல்லை. பூமி சுழல்வதால் வரும் விளைவு அங்கே மிக மிகச் சிறியது, தண்ணீர் ஊற்றிய கை அசைவும் பேசினின் வடிவமும்தான் திசையைத் தீர்மானிக்கும். ஆனால் கதை முழுக்கப் பொய்யும் இல்லை. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபிரோ ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்து, பிறகு அடியில் மெல்லத் திறந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்வதைக் காட்டினார். 1965-இல் சிட்னியில் அதே மாதிரி செய்தபோது திசை மாறி வந்தது. அவ்வளவு பொறுமை காத்தால்தான் பூமி பேசும்.

நான் செவிலியர். பிரஷர் பார்க்கும்போது முதலில் சத்தம் இல்லை, பிறகு டப் டப், பிறகு மறுபடி அமைதி. கைப்பட்டையில் காற்று குறையும்போது ரத்தம் அதிகமாகத்தானே ஓடுகிறது, சத்தமும் அதிகமாக வேண்டாமா? (தஞ்சாவூர்)

அருமையான கேள்வி. ஒழுங்கான ஓட்டத்துக்குச் சத்தம் கிடையாது, இதுதான் சூட்சுமம். பட்டை முழுக்க இறுகியிருக்கும்போது ரத்தமே போகவில்லை, அதனால் அமைதி. அழுத்தம் கொஞ்சம் குறைந்ததும், இதயம் துடிக்கிற உச்சியில் மட்டும், நசுங்கிய தமனியின் இடுக்கு வழியாக ரத்தம் பீறிட்டுப் பாய்ந்து கொந்தளிக்கிறது, சுவரும் அதிர்கிறது. அந்த முதல் டப் மேல் எண். பட்டை தளர்ந்து தமனி முழுதாகத் திறந்துவிட்டால் ரத்தம் அதிகமாகவே ஓடினாலும் மறுபடி ஒழுங்காக ஓடுகிறது, சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் இதைக் கண்டு சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஓட்டத்தின் வகை மாறுவதைக் காதால் கேட்கிறவர் நீங்கள், எந்த ஆய்வகத்திலும் இதைவிட நேரடியாகக் கற்றுக்கொள்ள முடியாது.

கஜா புயலில் எங்கள் தகரக் கூரை மேல்நோக்கிப் பிய்த்துக்கொண்டு போனது. காற்று பக்கவாட்டில்தானே அடித்தது? மறுபடி போட்டிருக்கிறோம், பயமாகவே இருக்கிறது. (வேதாரண்யம் பக்கத்து வாசகி)

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா உங்கள் பக்கம் கரையேறியபோது காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. கூரைமேல் ஏறிக் கடக்கும் காற்று வேகமெடுக்கிறது. ஓட்டத்தில் வேகம் கூடுகிற இடத்தில் அழுத்தம் குறையும் என்று டேனியல் பெர்னௌலி 1738-லேயே எழுதிவைத்தார். வீட்டுக்குள் இருக்கும் காற்று அசையாமல் பழைய அழுத்தத்தோடு நிற்கிறது. ஆக, மேலிருந்து தள்ளுவது குறைந்து, கீழிருந்து தள்ளுவது அப்படியே இருக்கிறது. மணிக்கு 120 கி.மீ. வேகம் என்று வைத்தால் இந்த வித்தியாசம் சதுர மீட்டருக்கு 65 முதல் 70 கிலோ வரை வரலாம். எட்டடிக்கு நாலடித் தகரம் மூன்று சதுர மீட்டர், அதன்மேல் மட்டும் 200 கிலோ மேல்நோக்கி. தகரத்தின் சொந்த எடை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேகம் பாதியானால் இந்த விசை கால்வாசியாகக் குறைந்துவிடும், அதனால்தான் சாதாரணக் காற்றில் பத்து வருடம் அசையாத கூரை ஒரே இரவில் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காற்று அடிக்கிற பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் புயல் நேராக உள்ளே புகுந்து உள்ளழுத்தத்தை ஏற்றிவிடும், அப்போது கூரையைத் தூக்கும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் காற்று வரும் பக்கத்தை நன்றாக அடைத்துத் தாழிடுங்கள்.

கூரையில் எல்லா இடமும் ஒன்றாக அடிவாங்குவதில்லை. காற்று விளிம்பில் மோதிப் பிரிந்து சுழல்களாக உருளும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் இழுப்பு மிக அதிகம், பிய்வது அங்கேதான் தொடங்கும். நடுவில் எவ்வளவு இடைவெளியில் கொக்கி போல்ட் போட்டிருக்கிறீர்களோ, ஓரத்தில் அதில் பாதி இடைவெளியில் போடச் சொல்லுங்கள். கொக்கி பிடித்திருக்கும் சட்டம் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் தகரம் சட்டத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். ஐப்பசி பிறப்பதற்குள், மழை இல்லாத ஒரு நாளில், பழக்கமுள்ள ஆளை ஏற்றி ஓரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிவிடுங்கள், துருப்பிடித்தவற்றை அன்றே மாற்றிவிடுங்கள்.